துப்பாக்கி ஏந்தியவர்களுக்கு மூதாட்டி விதித்த விலக்குகள்

1970களின் தொடக்கத்தில், மொசாம்பிக் எல்லையைக் கால்நடையாகக் கடந்து வந்த ஆயுதம் தாங்கிய இளைஞர்கள் சிலர், ஸாம்பெசி ஆற்றுப் பள்ளத்தாக்கில் டாண்டே என்ற வட்டாரத்தில் ஒரு மூதாட்டியைத் தேடிச் சென்றார்கள். அப்போது ரொடீசியா என்று பெயர் கொண்டிருந்த இன்றைய ஜிம்பாப்வேயின் வடகோடி அது. மூதாட்டிக்கு மிகவும் வயதாகியிருந்தது. வாரத்துக்கு ஓரிரு முறைதான் உண்பார். அவருக்கான தானியத்தை ஆலையில் அரைக்கக் கூடாது, உரலில் இடித்துக் கல்லில்தான் அரைக்க வேண்டும். ஐரோப்பியர் கொண்டுவந்த பொருள் எதுவும் அவருக்கு ஆகாது. வந்தவர்கள் தங்களை ஜிம்பாப்வேயின் பிள்ளைகள் என்றும் நாட்டை மீட்க வந்திருப்பதாகவும் சொல்லிக்கொண்டார்கள். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட ஸான்லா என்ற விடுதலைப் படையின் அரசியல் ஆணையராக இருந்த மேயர் உரிம்போ இந்தச் சந்திப்பைப் பின்னாளில் நினைவுகூர்ந்தபோது, அந்தக் கிழவிக்குப் போரைப் பற்றியும் போரின் விதிமுறைகளைப் பற்றியும் நிறையத் தெரிந்திருந்தது என்றார்.

போரின் விதிமுறைகள் என்ற அந்தச் சொல்லைக் கடந்து என்னால் எளிதில் போக முடியவில்லை. வந்தவர்கள் தான்சானியாவின் முகாம்களில் சீனப் பயிற்றுநர்களிடம் போர்முறை கற்றவர்கள். அவர்களுடைய தலைவர்களில் பெரும்பாலோர் கிறித்தவ மிஷன் பள்ளிகளில் படித்தவர்கள், மார்க்சியம் பேசியவர்கள். இவர்களுக்கு ஒரு குடிசைக் கிழவி சொல்லிக்கொடுக்க என்ன இருந்தது? பகுத்தறிவுப் பேச்சைக் கேட்டு வளர்ந்த என் போன்ற ஒருவனுக்கு இதற்கு இரண்டு பதில்கள் தயாராக இருந்தன. ஒன்று, இது மூடநம்பிக்கை. மற்றது, ஊராரை மயக்குவதற்காகப் போராளிகள் போட்ட வேடம். சில ஆண்டுகளாக இந்தப் போரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்த பிறகு இரண்டுமே சோம்பேறித்தனமான பதில்கள் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். ஷோனா மக்களின் ஆவி மரபு அந்தப் போருக்குக் கொடுத்த முதன்மையான பொருள் மந்திரமும் அன்று, வீராவேசமும் அன்று. எதைச் செய்யக் கூடாது என்கிற ஒரு பட்டியலைத்தான் அது கொடுத்தது.

முதலில் சில சொற்களை விளக்கிவிடுகிறேன். ஷோனா மொழி பேசும் மக்களிடையே, இறந்துபோன பெரிய குலத்தலைவரின் ஆவியை ம்ஹொண்டோரோ என்பார்கள். அச்சொல்லுக்குச் சிங்கம் என்றும் பொருள் உண்டு. இறந்த அரசரின் ஆவி பிடரி மயிர் முளைக்காத இளஞ்சிங்கத்தின் உடலில் புகுந்து காட்டில் திரியும் என்றும், தக்க காலத்தில் ஓர் ஆணையோ பெண்ணையோ தேர்ந்து அவர் மீது இறங்கும் என்றும் நம்புகிறார்கள். ஆவி இறங்கும் அந்த மனிதர் ஸ்விகிரோ எனப்படுவார். சாமியாடி என்று தமிழில் எழுதிவிட எனக்கும் கை துறுதுறுக்கிறது. ஆனால் நம்மூர்ச் சாமியாடி சாமி மலையேறிய மறுநாள் வழக்கமான வேலைக்குப் போய்விடுவார். டாண்டேயின் ஸ்விகிரோ ஆவி இறங்காத நாட்களிலும் விலக்குகளுக்கு உட்பட்டே வாழ வேண்டும். அவர் இரத்தத்தைப் பார்க்கக் கூடாது. கறுப்பு அல்லது வெள்ளைத் துணியைத்தான் போர்த்திக்கொள்ள வேண்டும். பேருந்திலோ காரிலோ ஏறக் கூடாது, ஏனென்றால் பெட்ரோல் புகை அவருக்கு உயிராபத்து. ஆகவே ஸ்விகிரோ என்றே எழுதுகிறேன்.

ம்ஹொண்டோரோவின் வேலை மழை தருவது. மண் யாருடையதோ அவர்தாம் மழையைத் தர முடியும். மண் முதலில் வந்து குடியேறிய மூதாதையருடையது. உயிரோடு இருக்கிற தலைவர் அவர்களுடைய பிரதிநிதி மட்டுமே. இந்தக் கணக்கில் ஒரு வட்டாரத்தின் ஸ்விகிரோ அந்த நிலத்தின் பட்டாவைக் கையில் வைத்திருப்பவரைப் போன்றவர். எந்தக் காட்டை வெட்டக் கூடாது, எந்தக் குளத்தில் எந்தக் கலத்தால் நீர் மொள்ளலாம், எந்த நாளில் ஏர் பூட்டக் கூடாது என்பதெல்லாம் அவர் வழியாக வரும் ஆணைகள். வாரத்தில் ஒரு நாள் மண்ணுக்கு ஓய்வு. அந்த நாளுக்குச் சிஸி என்று பெயர்; அன்று கொத்தும் ஏரும் வயலில் இறங்காது. சடங்குக்கான கள்ளைக் கேழ்வரகு ஊறவைத்து முளைகட்டித்தான் காய்ச்ச வேண்டும், அதிலும் மாதவிலக்கு நின்ற பெண்கள்தாம் காய்ச்ச வேண்டும். அதன்பின் இரவு முழுவதும் எம்பிரா ஒலிக்கும். மரப்பலகையில் பொருத்திய இரும்பு நாக்குகளைக் கட்டைவிரல்களால் மீட்டுகிற கருவி அது. பெரிய சுரைக்குடுக்கைக்குள் வைத்து வாசிப்பதால் ஒலி உருண்டு வரும். விடியும்வரை நீளும் அந்தச் சடங்கு பீரா எனப்படும். (கேழ்வரகு ஆப்பிரிக்காவிலிருந்து நம்மிடம் வந்த பயிர். அவர்களுடைய சட்ஸாவும் நம் களியும் ஏறத்தாழ ஒன்றுதான்.)

இப்போது 1896க்குப் போக வேண்டும். செசில் ரோட்சின் பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனி 1890ல் தன் படையணியை அனுப்பி இந்த நிலத்தைப் பிடித்தது. 1894ல் குடிசைக்குப் பத்து ஷில்லிங் வரி போட்டது. வரி கட்டப் பணம் வேண்டும், பணம் வேண்டுமானால் வெள்ளையரின் சுரங்கத்திலோ பண்ணையிலோ கூலி வேலைக்குப் போக வேண்டும். அதுதான் வரியின் நோக்கமும். 1896ல் மாட்டுக் கொள்ளைநோய் தொழுவங்களைக் காலி செய்தது, வெட்டுக்கிளியும் வறட்சியும் கூடவே வந்தன. கம்பெனியின் காவல்படையில் பெரும்பகுதியை அதன் நிர்வாகி ஜேம்சன் முந்தைய ஆண்டு இறுதியில் தெற்கே இருந்த டிரான்ஸ்வால் குடியரசின் மீது படையெடுக்கக் கொண்டுபோய்ச் சிறைப்படவிட்டிருந்தார். மார்ச்சில் எண்டெபெலே மக்கள் எழுந்தார்கள், ஜூனில் ஷோனா மக்கள் எழுந்தார்கள். இந்த எழுச்சியைத்தான் பின்வந்தவர்கள் முதல் சிமுரெங்கா என்று அழைத்தார்கள். முரெங்கா என்ற தொல்மூதாதையின் பெயரிலிருந்து பிறந்ததாகச் சொல்லப்படும் சொல் அது.

மஸோவே பள்ளத்தாக்கில் நெஹாண்டா என்ற பெண் ஆவியின் ஸ்விகிரோவாக இருந்தவர் சார்வே; ஆவியின் பெயராலேயே அவரையும் அழைப்பார்கள். தொடக்கத்தில் சொன்ன டாண்டே மூதாட்டி பின்னாளில் ஏற்றிருந்ததும் இதே ஆவியைத்தான். காகுவி என்ற ஆவியின் ஸ்விகிரோ கும்போரெஷும்பா. இருவரும் 1897ன் பிற்பகுதியில் பிடிபட்டார்கள். பொல்லார்ட் என்ற அதிகாரியைக் கொல்லச் செய்ததாக நெஹாண்டா மீது வழக்கு நடந்தது. 1898 ஏப்ரல் 27 அன்று சாலிஸ்பரி (இன்றைய ஹராரே) சிறையில் தூக்கு. தூக்கிலிடும் முன் இருவரையும் கிறித்தவர் ஆக்கிவிட வேண்டுமென்று ரிச்சார்ட்ஸ் என்ற ஜெசுயிட் பாதிரியார் வந்தார். காகுவி ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டார். சிலுவையில் ஏசுவின் பக்கத்தில் தொங்கி மனந்திரும்பிய கள்வனின் நினைவாக அவருக்கு டிஸ்மாஸ் என்று பெயர் வைத்தார்கள். நெஹாண்டா மறுத்துவிட்டார். ஆடினார், சிரித்தார், தன் மக்களைக் கூப்பிட்டார், தன் ஊரான மஸோவேக்குப் போய் அங்கே சாக வேண்டும் என்றார். தூக்குமேடைக்குக் கொண்டு போகையில் அவர் எழுப்பிய கூச்சலையும் பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார்.

என் எலும்புகள் எழும் என்று நெஹாண்டா சொல்லிவிட்டு இறந்தார் என்பது இன்று ஜிம்பாப்வேயின் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வாக்கியம். வாய்மொழி மரபு அவருக்குக் கொடுத்த வாக்கியம் அது. சிறையின் ஏட்டில் இருக்கிற கோரிக்கை, ஊருக்குப் போய்ச் சாக வேண்டும் என்பதுதான். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்குப் பின்னதுதான் கனமாகப் படுகிறது. மண்ணுக்குரியவரை வேறு மண்ணில் சாகவைப்பது என்றால் என்ன என்பதை அவர் அறிந்திருந்தார். தூக்கிலிட்டவர்களுக்கு அது வெறும் ஒரு கிழவியின் புலம்பலாகத்தான் கேட்டிருக்கும்.

அந்த எழுச்சியில் ஆவி மரபின் பங்கு எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் பெரிய சண்டை நடந்திருக்கிறது. ஸ்விகிரோக்களும் மத்தோபோ குன்றுகளில் உள்ள ம்வாரி தெய்வத்தின் குகைக் கோயில்களும் சேர்ந்துதான் சிதறிக் கிடந்த குலங்களை ஒன்றுதிரட்டின என்று டெரன்ஸ் ரேஞ்சர் 1960களில் எழுதினார். அப்படி ஒரு மைய ஒருங்கிணைப்பு இருந்ததற்குச் சான்று போதாது என்று ஜூலியன் காபிங்கும் டேவிட் பீச்சும் மறுத்தார்கள். சார்வே அந்தக் கொலையில் உண்மையிலேயே குற்றவாளிதானா என்றே பீச் பின்னர் கேட்டார். எனக்குக் காபிங், பீச் பக்கம்தான் சான்று வலுவாகத் தெரிகிறது. ஆனால் இந்தச் சண்டையைத் தாண்டிய ஒன்றும் இருக்கிறது. 1960களில் விடுதலை இயக்கங்கள் தம் வேரைத் தேடியபோது அவர்கள் கையில் இருந்தது ஆவணக்காப்பகத்தில் உறங்கிய நெஹாண்டா அல்லர். ஊரில் பாட்டிகள் சொன்ன நெஹாண்டா.

நடுவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1930ல் நிலப் பங்கீட்டுச் சட்டம் நாட்டின் ஏறத்தாழ பாதியை, அதிலும் நல்ல மண்ணாகப் பார்த்து, சிறுபான்மையான வெள்ளையருக்கு ஒதுக்கியது. மூதாதையரின் கல்லறைகள் இருந்த குன்றுகள் ஒரே இரவில் இன்னொருவரின் பண்ணையாயின. குலத்தலைவர்கள் அரசாங்கச் சம்பளத்துக்கு வந்தார்கள். 1964 அக்டோபரில் டொம்போஷாவாவில் ஏறத்தாழ 600 தலைவர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் கூட்டி, இவர்களெல்லாம் எங்கள் பக்கம் என்று வெள்ளை அரசு உலகத்துக்குக் காட்டியது. அடுத்த ஆண்டு நவம்பர் 11 அன்று அந்த அரசின் பிரதமர் இயன் ஸ்மித் பிரிட்டனைக் கேட்காமல் தன்னிச்சையாகச் சுதந்திரப் பிரகடனம் செய்தார். சம்பளம் வாங்கும் தலைவரை ஊர் நம்புவது குறைந்தது. அரசாங்கத்திடம் எதுவும் வாங்காத, காரில்கூட ஏறாத ஸ்விகிரோவை நம்புவது கூடியது. இந்த இடமாற்றம் நடந்திராவிட்டால் பின்னால் வந்த போர் வேறு மாதிரி இருந்திருக்கும்.

முதல் முயற்சி தோற்றது. 1966 ஏப்ரல் 28 அன்று சின்ஹோயி அருகே ஸான்லாவின் ஏழு பேர் கொண்ட குழு முழுவதும் கொல்லப்பட்டது. ஊருக்குள் அவர்களுக்கு ஒளிந்துகொள்ள இடமும் வழிகாட்ட ஆளும் இல்லை. அந்தத் தோல்விக்குப் பிறகு, மக்களிடம் முதலில் பேசாமல் சுடக் கூடாது என்ற பாடத்தைச் சீனர்களிடமும் மொசாம்பிக்கின் பிரெலிமோ இயக்கத்திடமும் கற்றுக்கொண்டு, 1971-72ல் போராளிகள் சத்தமில்லாமல் டாண்டேக்குள் வந்தார்கள். மக்களிடம் பேச வேண்டுமென்றால் யாரிடம் பேசுவது? தலைவரிடம் போனால் காவல் நிலையத்துக்குச் செய்தி போகும். அப்படியானால் மண்ணின் சொந்தக்காரரிடம்தான் அனுமதி கேட்க வேண்டும். ஊருக்குப் புதிதாக வரும் எவரும் அங்கே அப்படித்தான் செய்வார்கள்.

அனுமதி கிடைத்தது, நிபந்தனைகளோடு. போர் முடியும்வரை பெண்களோடு உறவு கூடாது. காட்டு விலங்கைக் கொல்லக் கூடாது. சில உணவுகளைத் தொடக் கூடாது. இந்தப் பட்டியல் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும், டெரெரே என்ற கொழகொழப்பான வெண்டைக் கீரை வகையும் ஆட்டின் குடலும் பல இடங்களில் அதில் இருந்தன. மாதவிலக்கான பெண் சமைத்ததை உண்ணக் கூடாது. மண்ணுக்கு ஓய்வு நாளான சிஸியை மீறக் கூடாது. பாம்பும் பறவையும் காட்டும் குறிகளைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். எந்தப் பாதையில் போகலாம், எந்தக் குன்றில் தங்கலாம், எந்தக் காட்டில் கால் வைக்கக் கூடாது என்பதை ஸ்விகிரோவைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மூக்குப்பொடி கொடுத்து அனுப்பிவைப்பார்கள். ஆவிகளோடு பேசும் எந்தக் காரியத்திலும் மூக்குப்பொடி இல்லாமல் முடியாது.

1980 முதல் 1982 வரை டாண்டேயில் தங்கி ஆராய்ந்த டேவிட் லான் என்ற மானிடவியலாளர் (பின்னாளில் லண்டனில் நாடக அரங்கு நடத்தப் போய்விட்டவர்) இந்த விலக்குகளுக்கு ஒரு விளக்கம் தந்தார். இவை ஸ்விகிரோக்கள் தாமே கடைப்பிடிக்கும் விலக்குகளோடு ஒத்துப்போகின்றன. ஆகவே விலக்கைக் கடைப்பிடிக்கும் அந்நிய இளைஞன் ஊராரின் கண்ணில் மெல்ல மெல்ல அந்த மண்ணின் பழைய அரசர்களின் வரிசையில் சேர்கிறான். எங்கோ தெற்கில் பிறந்தவன், அந்த வட்டார வழக்கில்கூடப் பேசத் தெரியாதவன், உணவையும் உறவையும் மறுத்ததன் மூலம் மண்ணின் பிள்ளை ஆகிறான். வனா வெவ்ஹு, மண்ணின் பிள்ளைகள் என்றுதான் அவர்களைக் கூப்பிட்டார்கள். பிறப்பால் கிடைக்காத உரிமையை ஒழுக்கத்தால் பெற வைத்த வழி என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். லானின் விளக்கம் கொஞ்சம் அதிகமாகவே கச்சிதமாக இருக்கிறது என்பது என் குறை. பசியோடு வந்த ஒரு பத்தொன்பது வயதுப் பையன், தட்டில் வைத்த கீரையைத் தள்ளி வைத்தபோது அரச பரம்பரையையா நினைத்திருப்பான்? தின்றால் நாளைக்குக் குண்டு படும் என்றுதான் நினைத்திருப்பான். ஆனால் தள்ளி வைத்ததைச் சமைத்தவள் பார்த்தாள், ஊர் பார்த்தது. அதற்குமுன் ஊருக்குள் துப்பாக்கியோடு வந்த அரசுப் படையினர் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

பறவை விஷயத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். சாப்புங்கு என்பது கழுகினத்தைச் சேர்ந்தது. வால் மிகக் குட்டை, முகமும் கால்களும் செக்கச் சிவப்பு. பறக்கும்போது கம்பிமேல் நடப்பவன் கோல் பிடித்துச் சமன் செய்வதைப்போல் இறக்கைகளை இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டே போகும். மூதாதையர் அனுப்பும் தூதனாக ஷோனா மரபு அதைக் கருதுகிறது. சாப்புங்கு தலைக்கு மேலே அமைதியாக வட்டமிட்டால் பயமில்லை, கலைந்து கத்தினாலோ ஒன்றோடொன்று மோதினாலோ விமானம் வருகிறது என்று போராளிகள் நம்பினார்கள். தாழப் பறந்து வரும் ஹெலிகாப்டரின் அதிர்வை மனிதக் காதுக்கு எட்டுமுன் பறவை உணர்ந்திருக்கலாம் என்று உடனே ஒரு விளக்கம் சொல்லிவிட முடியும். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் வானத்தை ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்க நூற்றுக்கணக்கான இளைஞர்களைப் பழக்கியது அந்த விளக்கமாக இருந்திருக்காது. பறவையைத் தூதன் என்று நம்பியதால்தான் பார்த்தார்கள்.

காட்டு அறிவும் இதே வழியில்தான் கைமாறியது. ஸாம்பெசிப் பள்ளத்தாக்கில் வறண்ட மாதங்களில் பசியாற்றுவது மசாவு. நம்மூர் இலந்தையேதான், மரமும் அதே மரம். பெருக்கமரத்தின் காய்க்குள் இருக்கும் வெள்ளை மாவும், மேட்டு நிலத்து மஸான்ஜே பழமும் போராளிகளுக்கு உணவாயின. காயத்துக்கு எந்த இலை, வயிற்றுப்போக்குக்கு எந்த வேர் என்று ங்ஙாங்கா எனப்படும் நாட்டு வைத்தியர்கள் காட்டிக் கொடுத்தார்கள். மருந்துப் பெட்டிகள் எல்லை தாண்டி வந்து சேர வாரக்கணக்கில் ஆகும் போரில் இது சின்ன விஷயமில்லை. புனிதக் காடுகள் வெட்டப்படாமல் அடர்ந்து நின்றதால் மறைவிடமும் கிடைத்தது. காட்டைக் காத்த விலக்கு காட்டில் ஒளிந்தவனையும் காத்தது என்றால் மிகையாகாது.

1972 டிசம்பர் 21 அன்று சென்டினரி வட்டாரத்தில் ஆல்டெனா என்ற வெள்ளையர் பண்ணை தாக்கப்பட்டது. போரின் தீர்மானகரமான கட்டம் அன்று தொடங்கியது. மாதக்கணக்கில் ஆயுதங்கள் உள்ளே வந்து புதைக்கப்பட்டிருந்தும் ரொடீசிய உளவுத்துறைக்கு மிகத் தாமதமாகத்தான் முழு விவரம் தெரிந்தது. ஸான்லா தன் போர்முனைப் பிரிவுகளுக்கு நெஹாண்டா, சாமினுக்கா என்று ஆவிகளின் பெயர்களை வைத்தது. அந்த மூதாட்டியை அரசு பிடித்துவிடக் கூடாது என்று அஞ்சி, அவருக்கு விருப்பம் இல்லாதபோதும் இணங்கவைத்து, போராளிகள் அவரைச் சுமந்துகொண்டு ஜாம்பிய எல்லையை ஒட்டிய சிஃபோம்போ முகாமுக்குக் கொண்டு சென்றார்கள். முகாமில் இருந்தபடி அவர் புறப்படும் குழுக்களுக்கு வழி சொன்னார். 1973ல் அங்கேயே இறந்தார். 1898ல் ஊருக்குப் போய்ச் சாக வேண்டும் என்று கேட்ட பெண்ணுக்கு எது மறுக்கப்பட்டதோ அதுவே, அந்த ஆவியை ஏற்றிருந்த இந்த மூதாட்டிக்கும் கிடைக்காமல் போனது, இம்முறை பகைவர் கையால் அன்று, பாதுகாக்க நினைத்த பிள்ளைகள் கையால்.

அரசும் சும்மா இருக்கவில்லை. எந்த ஸ்விகிரோவின் ஆட்சி எந்த ஓடையோடு முடிகிறது என்று வரைபடம் போட்டது. ஆவிகள் பயங்கரவாதிகள்மீது கோபமாக இருக்கின்றன என்று துண்டறிக்கை அச்சடித்து விமானத்திலிருந்து கொட்டியது. ஸ்விகிரோவின் குரலைப் பதிவு செய்து வானத்திலிருந்து ஒலிபரப்பியது. நெஹாண்டாவைத் தூக்கிலிட்ட மறு ஆண்டே, 1899ல், சூனிய ஒழிப்புச் சட்டம் போட்டு இந்த மரபின் ஒரு பகுதியைக் குற்றமாக்கிய நிர்வாகம், எழுபதாண்டு கழித்து அதே ஆவிகளின் பெயரில் துண்டறிக்கை விட்டதை என்னவென்று சொல்வது! எடுபடவில்லை. பெட்ரோல் புகைக்கே அஞ்சும் ஆவி விமானத்தில் ஏறிக்கொண்டு பேசுகிறது என்றால் டாண்டேயில் யார் நம்புவார்கள்? பிறகு அரசு மக்களை முள்வேலி போட்ட காவல் கிராமங்களுக்குள் அடைத்தது. சிவெஷேயிலும் பள்ளத்தாக்கிலும் குடும்பங்கள் வயலையும் கல்லறையையும் விட்டுக் கம்பிக்குள் போயின.

கம்பிக்கு வெளியே இரவுகளில் புங்வே நடந்தது. ஊராரைக் காட்டோரம் கூட்டி விடியும்வரை அரசியல் பேசிப் பாடி ஆடும் கூட்டம். பீராச் சடங்கின் இரவு நீளமும் பாட்டும் ஆட்டமும் இதிலும் இருந்தன. தேவாலயக் கீதங்களின் மெட்டில் புதுச் சொற்களும் போட்டார்கள். முஜிபா எனப்படும் பையன்கள் உளவு பார்த்தார்கள், சிம்ப்விடோ எனப்படும் பெண்பிள்ளைகள் சோறாக்கிச் சுமந்தார்கள். தாமஸ் மாப்ஃபுமோ எம்பிராவின் மெட்டுகளை மின்கித்தாருக்கு மாற்றிப் பாடினார். போரின் கடைசி ஆண்டுகளில் அரசு அவரைச் சிறையிலும் வைத்தது.

இதற்குமேல் புகழ்ந்துகொண்டே போனால் பொய்யாகிவிடும். விலக்குகள் எல்லாருக்கும் ஒரே எடையோடு விழவில்லை. மாதவிலக்கான பெண் சமைக்கக் கூடாது என்ற விதி ஆண்களின் உடலைக் காக்கப் பெண்களின் உடலைக் கண்காணித்தது. சோறு கொண்டுபோகும் பெண் தன் நாட்களை யாரிடம் அறிவிப்பது? மறைத்தால் என்ன ஆவது? பெண்களைத் தொடக் கூடாது என்ற முதல் விதியே 1977க்குப் பிறகு, ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் அரைகுறைப் பயிற்சியோடு உள்ளே வந்தபோது, பல இடங்களில் உடைந்தது. சிம்ப்விடோக்கள் பலர் வன்முறைக்கு ஆளானார்கள். விடுதலைக்குப் பிறகு அவர்களில் பலரை ஊர் பழித்ததே தவிர யாரும் பொறுப்பேற்கவில்லை. டாண்டேயில் சூனியக்காரர்கள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களையும், வத்தெங்கேசி, அதாவது காட்டிக்கொடுப்போர், என்று பெயர் சூட்டப்பட்டவர்களையும் போராளிகள் கொன்றார்கள். நார்மா கிரிகர் முட்டோகோவில் ஆராய்ந்தபோது, ஊரார் போராளிகளுக்கு உதவியதில் அச்சத்துக்கும் அடிக்கும் இருந்த பங்கைத்தான் அதிகம் கேட்டார். ஆவிகளின் ஒப்புதல் எங்கும் ஒரே மாதிரி இருந்ததாகச் சொல்ல முடியாது; டாண்டே டாண்டேதான். மேற்கே எண்டெபெலே மக்களிடையே போரிட்ட ஸிப்ரா என்ற மற்றொரு விடுதலைப் படையின் வரலாறு தனி. அந்தப் பக்கத்துத் தலைவர் ஜோஷுவா எங்கோமோ 1953லேயே மத்தோபோவின் டூலா கோயிலுக்குப் போய் வந்ததைத் தாமே எழுதியிருக்கிறார்.

1980 ஏப்ரல் 18 அன்று விடுதலை வந்தது. ஷோனா மரபின்படி போர் அன்று முடியவில்லை. அநியாயமாகக் கொல்லப்பட்டவனின் ஆவி ங்கோஸியாகத் திரும்பி, கொன்றவனின் குடும்பத்தைத் தலைமுறை தாண்டியும் விடாது. கொன்றது போரில்தானே என்ற வாதம் எப்போதும் செல்லாது. வீடு திரும்பிய இளைஞனைச் சடங்கு செய்து தூய்மைப்படுத்தி, இறந்தவனின் குடும்பத்துக்கு ஈடு கொடுத்தால்தான் தீரும். பலர் தம் செலவில், தம் ஊர் ஸ்விகிரோவிடம் போய்ச் செய்துகொண்டார்கள். அரசு இதை ஊர் ஊராக எடுத்துச் செய்யவில்லை. 1991-92ன் பெரும் வறட்சியின்போது, போரின் இரத்தத்தைக் கழுவாததால்தான் மழை பொய்த்தது என்று ஊர்ப்பக்கம் பரவலாகப் பேசிக்கொண்டார்கள். பேச்சின் உட்பொருள் மழையைப் பற்றியது மட்டுமில்லை. 1983 முதல் எண்டெபெலே மக்கள் வாழும் மத்தாபெலேலாந்தில் புதிய அரசின் ஐந்தாம் படையணி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றிருந்தது; அந்தக் கொலைகளுக்கு வைத்த பெயரே குகுராஹுண்டி, உமியை அடித்துச் செல்லும் முதல் மழை. மழை தரும் ஆவிகளின் நாட்டில் இந்தப் பெயரை எப்படித்தான் துணிந்து வைத்தார்களோ.

2007ல் இன்னொன்று நடந்தது. ஏழு பேர் விழுந்த அதே சின்ஹோயிப் பக்கத்தில், ஒரு ஸ்விகிரோ தன் கோலால் பாறையைத் தட்டினால் சுத்திகரித்த டீசல் கொட்டுகிறது என்ற செய்தி பரவியது. நாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த நேரம். மூத்த அமைச்சர்கள் காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு போய்ப் பார்த்தார்கள். பாறைக்குப் பின்னால் ஒரு பீப்பாயும் குழாயும் இருந்தது பிறகு தெரிந்தது. அந்தப் பெண் சிறைக்குப் போனார். இதைச் சொல்லி ஜிம்பாப்வேக்காரர்கள் இன்றும் சிரிக்கிறார்கள். நானும் முதலில் சிரித்தேன். டாண்டேயின் பழைய ஸ்விகிரோக்களுக்கு டீசல் நாற்றமே ஆகாது என்பதை நினைத்தபோது சிரிப்பு நின்றது. வந்தவர்களில் ஒருவருக்காவது அந்த விலக்கு நினைவிருந்தால், பாறையைத் தட்டிப் பார்க்கும் தேவையே வந்திருக்காது. காலணியைக் கழற்றத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஹராரேயில் நெஹாண்டா இன்று எங்கும் இருக்கிறார். பெரிய பிரசவ மருத்துவமனைக்கு அவர் பெயர். அவர் தூக்கிலிடப்பட்டதாக மக்கள் நம்பிய சாலையோர மரம் ஒன்று 2011 டிசம்பரில் லாரி மோதி விழுந்தது. தூக்கு நடந்தது சிறைக்குள்தானே, இந்த மரத்தில் இல்லையே என்று வரலாற்றாசிரியர்கள் சொல்லிக்கொண்டிருக்க, சனங்கள் வந்து சுற்றி நின்றார்கள். 1890களில் கொல்லப்பட்டவர்களின் மண்டையோடுகளைத் திருப்பித் தரச் சொல்லி அரசு பிரிட்டனின் அருங்காட்சியகங்களிடம் கேட்டுவருகிறது. 2020 இறுதியில் அவருக்குச் செய்த சிலையின் படம் வெளியானபோது, கிழவியை இளம்பெண்ணாக வடித்திருக்கிறார்களே என்று ஊரே கொதித்தது. சிற்பி மாற்றிச் செய்தார்.

மாற்றிய சிலையை 2021 மே 25 அன்று குடியரசுத் தலைவர் திறந்து வைத்தார். சமோரா மஷேல் அவென்யூவும் ஜூலியஸ் நியரேரே வேயும் சந்திக்கும் இடத்தில், சாலைக்கு மேலே எழுப்பிய மேடையில் அது நிற்கிறது. தலைநகரின் நெரிசல் மிகுந்த சந்திப்புகளில் ஒன்று அது. படங்களில் பார்த்தால், சிலையின் காலடியில் விளக்கு மாறக் காத்திருக்கும் கார்களும் கொம்பி வேன்களும் வரிசையாக நிற்கின்றன, எஞ்சினை அணைக்காமல்.